எங்கள் தெருவின் சைவ நாய்

நாய்க்கு என்ன போடவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தராத ஆள் எங்கள் ஊர் கரமனையில் யாரும் பாக்கியில்லை. அவர்களில் நாய் வளர்த்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் நாயைத் தூரத்தில் பார்த்தாலே வேட்டியைத் தூக்கிக் கொண்டு எதிர்ச் சாரிக்குப் போகிறவர்கள். அவர்களுக்குத்தான் விஷயம் அதிகம் தெரிந்திருந்தது.

நாய் எங்கள் மகனுடையது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலையில் இருந்தபோது லாப்ரடார் என்று நம்பி வாங்கினான். வாலும் காதும் அந்த நம்பிக்கைக்கு ஒத்துழைக்கவில்லை. பிறகு கனடாவில் வேலை கிடைத்ததும், ‘ஆறே மாசம் பாத்துக்கோங்கோப்பா’ என்று சொல்லி எங்கள் வீட்டு வாசலில் கட்டிவிட்டு விமானம் ஏறினான். மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவான். எங்களை நலம் விசாரிக்க ஒரு நிமிஷம், நாயைக் கொஞ்சப் பத்து நிமிஷம்.

அக்கிரகாரத்தில் நாய் என்றதும் தெருச் சங்கம் அவசரமாகக் கூடியது. ஓடை அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் நாறியபோது கூடாத சங்கம். தலைவர் என் எதிர்வீட்டுக்காரர், பாங்கில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற பார்வையில் இன்னும் அவர் எல்லாரையும் பார்ப்பார். தெருக்கோடியில் கோயில் இருக்கிறது, எலும்பும் மீன்தலையும் தெருவுக்கு வந்தால் காக்கை கொத்திக்கொண்டுபோய்ப் பிராகாரத்தில் போடும், ஆகையால் வீட்டில் மனுஷர் சாப்பிடுவதை மட்டும் சாப்பிடுகிற நாய் என்றால் ஆட்சேபமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். நாயிடம் யாரும் கேட்கவில்லை. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து நாய்க்குத் தயிர்சாதம். என் மனைவி அதைச் சிரத்தையாகச் செய்வாள். சாதத்தைக் குழைய வடித்து, உப்புப் போடாமல், பருப்புக் கொஞ்சம் சேர்த்து, கட்டியில்லாமல் பிசைந்து, ஆறவைத்துத் தட்டில் போடுவாள். ஏகாதசியன்று வீட்டில் அரிசி கிடையாது என்பதால் நாய்க்கும் கிடையாது. அன்றைக்குக் கோதுமை ரவை உப்புமா. அது தட்டை முகர்ந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும். ‘இன்னிக்கு ஒரு நாளாக்கும், சமத்தா சாப்பிடு’ என்பாள். அதுவும் வேறு வழியில்லாமல் சாப்பிடும். எதிர்வீட்டுக்காரர் இதைப் படம் எடுத்து, எங்கள் தெருவில் நாய்கூட ஏகாதசி விரதம் இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அறுபது பேர் கைகூப்பினார்கள். அதில் பாதிப்பேரின் பிள்ளைகள் பெங்களூரில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு மாதத்தில் நாய்க்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை. விலா எலும்பு வெளியே தெரிந்தது. பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போது பக்கத்தில் ஒரு கடையில் நாய்த் தீனி விற்பது ஞாபகம் வந்து நுழைந்தேன். கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் வந்து நாயின் இனம், வயது, எடை, குணம் எல்லாம் விசாரித்தான். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. மூட்டைகளில் ஓநாய் படம் போட்டிருந்தது. எல்லாவற்றிலும் கோழி. சைவமாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவன் சிரிக்காமல் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். அதன் மூலையில் பச்சைப் புள்ளி. நாய் பிஸ்கட்டுக்கும் பச்சைப் புள்ளி போடுகிற தேசம் நம்முடையது. வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் கொட்டினேன். நாய் ஒரு தரம் முகர்ந்துவிட்டு, மாமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டிலேயே அறிவாளி அதுதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிறகு நான் மட்டும் ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். வைத்தியர் இளைஞர், மலையாளி. நான் சொன்ன மெனுவைக் கேட்டுவிட்டு, சாமி, இது பட்டியாணு, பட்டரல்ல என்றார். இது நாய்தான், உங்களைப் போல் பிராமணன் இல்லை என்று அர்த்தம். தினமும் ஒரு முட்டை, எலும்பு நீக்கின கோழியை வேகவைத்துச் சோற்றோடு கலந்து கொடுக்கவேண்டும், எலும்பு கூடவே கூடாது, அதுவும் பொரித்த எலும்பு கிட்டவே வரக்கூடாது என்று சொல்லி, சீட்டிலும் எழுதினார்.

அந்தச் சீட்டை வீட்டில் காட்டியிருக்கலாம். காட்டினால் கோழியை எங்கே வேகவைப்பது என்ற கேள்வி வரும். சங்கத்துக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கவேண்டும். இதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இல்லை. சீட்டைக் கிழித்து ஆட்டோவிலேயே போட்டுவிட்டு, ஒரு டானிக் வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவியிடம், சத்துக் குறைவு, டானிக் போதுமாம் என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். நான் கோழி சாப்பிடுகிறவன். செயலகத்தில் உத்தியோகம் பார்த்தபோது வேலையாகக் காசர்கோடு போன இடத்தில் ஆரம்பித்த பழக்கம். முப்பது வருஷமாகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். கரமனைப் பாலத்தைத் தாண்டி, பெரிய சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு தட்டுக்கடை. தென்காசிப் பக்கத்துக்காரர் நடத்துகிறார். கோழியை மசாலாத் தூளோடு மொறுமொறுவென்று பொரித்துக் கொடுப்பார். வாரம் இரண்டு நாள் போய்விட்டு, ஏலக்காயை மென்றுகொண்டு வீடு திரும்புவேன். வைத்தியரைப் பார்த்த பிறகு நாயையும் கூட்டிப்போனேன். நான் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தட்டில் மிஞ்சினது அதற்கு. எலும்பு கூடாது என்று அந்த வைத்தியப் பையன் சொன்னது ஞாபகம் இருந்தது. நாய் தோன்றிய நாளிலிருந்து எலும்பு தின்கிறது, நேற்றுப் பட்டம் வாங்கினவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் நாய் தேறியது. சொட்டை மூடி, மேனி பளபளவென்று ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர் அதைத் தயிர்சாதத்தின் கணக்கில் எழுதினார். நாட்டுப்பசுத் தயிரின் மகிமை பற்றி அவர் வாட்ஸ்அப்பில் போட்டதை எனக்கே மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் கைகூப்பு அனுப்பினேன். அத்தனை முட்டாள்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் விவரம் தெரிந்தவன் என்று உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

போன ஆவணியில் ஒரு நாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரித்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாக வழிந்தது. தண்ணீர் வைத்தால் குடித்த வேகத்தில் திரும்பி வந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, புடவையெல்லாம் எச்சிலாக, ‘என்னடி பண்றது, எங்கேடி வலிக்கறது’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்டோ கிடைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். சீட்டில் பழைய ஜமக்காளம் விரித்துவிட்டுத்தான் எடுத்தார், அதையும் சொல்லவேண்டும்.

வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு ஏதாவது தின்றதா என்று என்னைக் கேட்டார். என் ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் சங்கத் தலைவர். நான் முந்திக்கொண்டு, ‘எங்க வீட்டிலேயா? தயிர்சாதத்தைத் தவிர வேறொண்ணும் தெரியாது டாக்டர்’ என்றேன். தலைவர், அதற்கு நான் சாட்சி என்கிற மாதிரி தலையசைத்தார். வைத்தியர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நாயை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார்.

திரும்பி வந்து படத்தை விளக்கில் மாட்டினார். நெஞ்சுக்குள் உணவுக்குழாயில் வெள்ளையாக ஒரு துண்டு, சாய்வாகக் குத்திக்கொண்டு நின்றது. குழாய் விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும், பொரித்த எலும்பானால் சிலும்பு சிலும்பாக உடையும், இழுக்கும்போது உணவுக்குழாய் கிழிந்தால் நாய் பிழைக்காது, அதனால் என்ன எலும்பு, எப்போது, எத்தனை என்று சரியாகச் சொல்லுங்கள் என்றார். நாயின் உயிர் ஒரு பக்கம், எதிர்வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பது ஒரு பக்கம். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

அப்போது என் மனைவி, ‘நான்தான் குடுத்தேன்’ என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு அடி நகர்ந்து நின்றார். வைத்தியர் அவள் பக்கம் திரும்பினார்.

‘கோழியோ, ஆடோ? பொரிச்சதோ, வேவிச்சதோ?’

அவள் அறுபது வருஷத்தில் கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் பார்த்தவள் இல்லை. கோழி எலும்பு எப்படி இருக்கும், ஆட்டெலும்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? படத்தைப் பார்த்தாள். வைத்தியரைப் பார்த்தாள். என் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

‘கோழி,’ என்றேன். ‘பொரிச்சது. கால் துண்டு. நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு. ரெண்டு போட்டேன், ஒண்ணைக் கடிச்சது, ஒண்ணை அப்படியே முழுங்கிடுத்து.’

அன்றைக்கே சொன்னேனே சாமி என்று வைத்தியர் சொன்னது மனைவி காதிலும் விழுந்தது. அவர் அதற்குமேல் நேரத்தை வீணாக்காமல் உள்ளே போனார். எதிர்வீட்டுக்காரர் காரை நிழலில் நிறுத்தவேண்டும் என்று வெளியே போனார். போனவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். எப்போதிலிருந்து, எங்கே, யாரோடு என்று கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வீடு நடப்பதுதான், நாய்க்காகத்தான் போனேன், வைத்தியரே கோழி போடச் சொன்னார் என்றெல்லாம் அடுக்கிவைத்தேன். பேச்சில் நான் இதுவரை தோற்றதில்லை.

வைத்தியர் வெளியே வந்து, எலும்பு வந்துவிட்டது, உணவுக்குழாய் கிழியவில்லை, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். அவர் போன பிறகு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

‘ஏன்னா, சதையெல்லாம் நீங்க தின்னுட்டு, அதுக்கு எலும்பை மாத்திரமா போட்டேள்?’

ஆமாம் என்றேன்.