ஊதிக் காட்டுங்க

அந்தச் சலவைக்கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் கறையக்காதான். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சட்டைகளில் கறை எடுக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? துணியை விளக்குக்கு அடியில் விரிப்பாள். கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பாள். பிறகுதான் குனிந்து மோந்து பார்ப்பாள். மார்பில் இருந்தால் வாய்க்குப் போகிற வழியில் தவறியது, முழங்கையில் இருந்தால் மேஜையில் கிடந்ததைத் துடைத்தது. இடமே பாதி உண்மையைச் சொல்லிவிடும் என்பது அவள் கட்சி. யாராவது வந்து "வெறும் காப்பிதாங்க" என்று கதை விட்டால் ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இப்படிப்பட்டவள் வீட்டில் புருஷன் குடித்துவிட்டு வந்து தப்பிக்க முடியுமா? ஆறு வருஷம் குடித்தார், ஆறு வருஷமும் மாட்டினார். கடைசியில் ஒருநாள் அவள் ஒரு நீலப் பையில் துணியைத் திணித்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இருபது நாள் கழித்து அவர் அங்கே வந்து வாசலில் நின்று அழுதார். அவள் திரும்பி வந்தாள், ஆனால் சும்மா வரவில்லை. நீலப் பை மாற்றுத் துணியோடு கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், இன்னொரு தடவை நடந்தால் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அதோடு, தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் வாசலிலேயே நின்று அவள் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும்.

நாலு வருஷமாக அவர் ஊதிக்கொண்டிருக்கிறார். ஆள் நெட்டை. குனிந்து ஊதுவார், அவள் தலையை ஆட்டியதும் உள்ளே வருவார். ஆரம்பத்தில் மகள் பார்த்துச் சிரிப்பாள், போகப் போக அதுவும் நின்றுவிட்டது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அவர் வேலை பார்த்த கொதிகலன் பட்டறையை மூடும்வரை. வேலை போய் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், பழரசக் கம்பெனியில் தொட்டி கழுவும் வேலை கிடைத்திருப்பதாக வந்து சொன்னார். அப்போதே அவளுக்கு மூக்கு வேர்த்தது. ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனுஷன், வேலை செய்கிற இடத்திலேயே குளித்துவிட்டு, சட்டையையும் அங்கேயே அலசிக்கொண்டு வருகிறார். ஊதினால் புதினா வாசனை அடிக்கிறது. உலகத்தில் எந்த நல்ல மனுஷன் சாயங்காலம் ஆறு மணிக்குப் பல் விளக்குகிறான்?

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். புதன்கிழமை அவர் அலச மறந்த சட்டை ஒன்று கையில் சிக்கியது. மூக்கில் வைத்தாள். வறுத்த தானியம், ஈஸ்ட், கசப்பு. பீர். பழரசமாம் பழரசம், யார் காதில் பூ சுற்றுகிறார்? சட்டைப்பையில் ஒரு வட்ட அட்டை இருந்தது, கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைப்பார்களே, அது. செப்புத் தொட்டி ஒன்றின் படமும் பழைய நகரத் தெரு ஒன்றின் முகவரியும் அதில் அச்சாகியிருந்தன. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மறுபடியும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டுமே.

மறுநாள் அரைநாள் விடுப்புச் சொன்னாள். வீட்டுக்கு வந்து நீலப் பையை வெளியே இழுத்துத் தூசு தட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, அப்படியே மகளின் கல்லூரிக்குப் போய் அவளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவது என்று முடிவு.

பழைய நகரத்தில் தெருவெல்லாம் கருங்கல் பாவியிருந்தது. வீட்டுக்கு வீடு, எந்த வருஷம் கட்டியது என்று ஒரு பலகை. அட்டையில் இருந்த முகவரி, ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த கட்டிடம். ஆள் நுழைகிற கதவா அது, வண்டி நுழைகிற கதவு. உள்ளே உத்தரங்களிலிருந்து விளக்குகள் தொங்கின. நீளமான மரக் கவுண்டரில் வரிசையாகப் பன்னிரண்டு பீர்க் குழாய்கள். அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் பீர் ஊறுகிற ஆளுயரத் தொட்டிகள். குடிக்கிற இடம் என்றால் இருட்டும் அழுக்குமாக இருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, இந்தச் சுத்தம் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு துடைத்து வைத்திருக்கிறார்களே, எதை மறைக்க?

தூணுக்குப் பின்னால் ஒரு மேஜையைப் பிடித்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். ஏப்ரன் கட்டிய பெண் வந்து, ஊருக்குக் கிளம்பிவிட்டீர்களா அக்கா என்று பையைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்று மென்று விழுங்கினாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே, எது லேசோ அதைக் கொண்டு வரச் சொன்னாள். வந்தது. அந்தப் பெண் நகரவே இல்லை. புதிதாக வருகிறவர்கள் குடித்துப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது அங்கே வழக்கமாம். வேறு வழியில்லாமல் ஒரு வாய் குடித்தாள். கசந்தது. சீ, இந்தக் கசப்புக்காகவா என் ஆறு வருஷம் நாசமாய்ப் போனது என்று அழுகையே வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தாள்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் வந்தார். ரப்பர் பூட்ஸ், இடது தோளில் தடித்த தண்ணீர்க் குழாய். குழாயை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சின்ன டம்ளரை எடுத்து முதல் தொட்டியில் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். அவள் கை பையின் பிடியை இறுக்கியது.

மோந்தார். அப்படியே சாக்கடையில் கொட்டினார். சுவரில் இருந்த பலகையில் ஏதோ எழுதினார். அடுத்த தொட்டி. அதையும் மோந்து கொட்டினார். மூன்றாவது தொட்டியில் மட்டும் டம்ளர் மூக்கைவிட்டு இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகம் அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம் பார்த்த முகம். எழுந்துவிட்டாள். அவர் கண்ணைத் திறந்தார், கையைத் தூரமாக நீட்டி, கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார்.

அவள் பார்ப்பதைக் கவனித்த ஏப்ரன் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அவரா? எங்க மூக்கு சார். எந்தத் தொட்டி கெட்டுப்போகப் போகுதுன்னு மோந்தே சொல்லிடுவார். நாக்குல ஒரு சொட்டு வைக்க மாட்டார். கேட்டா, வீட்ல தினம் பரீட்சை இருக்கும்மா, தோத்துடக் கூடாதுன்னு சொல்வார்."

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் சட்டையில் ஈரம் எங்கே இருந்தது என்று இப்போதுதான் பார்த்தாள். இடது தோளில், குழாய் உரசுகிற இடத்தில். நேற்றைய சட்டையிலும் கறை அங்கேதான். மார்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஊரார் சட்டைக்கெல்லாம் இடம் பார்க்கிறவள், புருஷன் சட்டையை எடுத்தவுடன் மூக்கில் வைத்துக்கொண்டுவிட்டாள். இருபத்திரண்டு வருஷ வேலையில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவர் நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பழரசம்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே பையைத் தூக்கியிருப்ப," என்றார். "இப்பவும் தூக்கிட்டுத்தானே வந்திருக்க."

குடிக்காமலேயே உடம்பெல்லாம் அந்த வாடை ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் குளியல், அதனால்தான் புதினா என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வேறெங்கேயும் யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்றும் சொன்னார். அத்தனை கேட்டும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. அவள் சுபாவம் அப்படி, என்ன செய்வது.

"ஊதிக் காட்டுங்க."

மேஜைக்கு மேலே குனிந்து ஊதினார். பசித்த வயிற்றின் மூச்சு, அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டினாள். அவர் பின்னால் சாயவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த டம்ளரை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க, இப்ப நீ ஊது."

திருதிருவென்று முழித்தாள். பிறகு ஊதினாள். அவர் கண்ணை மூடி மோந்தார்.

"மூணாவது தொட்டி. ஒரே ஒரு வாய்."

சிரிக்கத்தான் நினைத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். உள்ளே இருந்த துணியையெல்லாம், தன்னுடையதும் மகளுடையதும், வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். காலிப் பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"இனிமே சட்டையை இங்க அலச வேணாம். இதுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்க."

வாசல்வரை போய்விட்டாள். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"சாயங்காலம் ஊதணுமா?"

"ஊதணும்," என்றாள். "புதினா மட்டும் வேணாம்."