துரை சொன்ன ‘ப்ராபப்லி’

பென்னாகரம் பங்களாவில் காட்டிலாகா துரைக்குச் சமைத்துப்போட்ட சவுரியப்பனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் ஊரில் பேச்சு. காதில் நுழைந்து கையில் இறங்கிய பாஷை அது. ‘குயிக்லி’ என்றால் அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவார்; ‘ஸ்லோலி’ என்றால் ஒன்றை இழுத்துவிடுவார். ‘ப்ராபப்லி’ என்ற சொல்தான் மனுஷனின் உயிரை வாங்கியது. “ப்ராபப்லி நாலு பேர் சாப்பிட வருவார்கள்” என்பார் துரை. நாலு பேருக்குச் சமைத்தால் துரை மட்டும் உட்கார்ந்திருப்பார். போகட்டும் என்று ஒருவருக்குச் சமைத்த அன்று நாலு பேரும் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய்க் கேட்டார்.

“அநேகமாகன்னு அர்த்தம், சவுரியப்பா.”

“அப்போ உண்டுங்களா, இல்லீங்களா?”

“அநேகமாகன்னா அநேகமாகத்தான்யா!”

வாத்தியாருக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்.

நாற்பத்தேழில் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் சவுரியப்பனின் மகள் செல்லிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பனுக்குச் சர்க்கார் வேலை என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. புது அதிகாரி தன்னை வைத்துக்கொள்வாரா என்று துரையிடமே கேட்டார் சவுரியப்பன். “ப்ராபப்லி” என்று தோளில் தட்டிவிட்டுத் துரை போய்விட்டார்.

பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சவுரியப்பன் தன் கையாலேயே கோழிக் குழம்பு வைத்தார். பேச்சு முடிந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பது வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா சென்னப்பன் கேட்டார்: “துரை போயிட்டாருங்களே, உங்க வேலை நிலைக்குமுங்களா?”

“ஆமான்னு சொல்லிப்போடுங்க,” என்று கதவுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தாள் மனைவி குள்ளம்மாள்.

ஆமாம் என்றால் பொய்யாகிவிடுமோ, இல்லை என்றால் மகளின் வாழ்வு போய்விடுமோ? பாவம், சவுரியப்பன் உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

“துரை நிலைக்கும்னும் சொல்லலீங்க, நிலைக்காதுன்னும் சொல்லலீங்க. எனக்கே ஒண்ணும் புரியலீங்க.”

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கை நனைக்காமலே எழுந்து போனார்கள்.

அடுத்த மாதம் வந்த புது அதிகாரி, “நீயே இருப்பா,” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே பஸ் பிடித்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஓடினார் சவுரியப்பன். மூச்சு வாங்கச் சேதியைச் சொன்னார்.

சென்னப்பன் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். கல்யாணப் பேச்சு வந்ததும் கூரையைப் பார்த்தார்.

“அதுக்கென்னங்க, பார்க்கலாம்.”

இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுச் சவுரியப்பன் எந்த வாத்தியாரிடமும் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இதைச் செல்லியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் அவருக்குப் புரியவில்லை.