கேஜ் இப்ப என் கையில

கீமோ வார்டு நர்ஸ் வேலையில் ஊசி குத்துவது கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் வாய்ச் சண்டை. குத்துகிற என் இனமே, குத்திக்கொண்டு படுத்திருக்கிற சொந்தங்களே, நம்ம பாடு நமக்குத்தானே தெரியும்! என் பாடு அத்தனைக்கும் காரணம் தேவராஜ் அண்ணன் என்கிற ஒரே ஆள். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் ஃபர்னஸ் ஆபரேட்டர். கழுத்தில் நெறி கட்டி, கேன்சர் என்று எங்களிடம் வந்தார். கீமோ எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தால் ஆள் பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்னார். தடங்கல் வராமல் பார்ப்பது என் தலையில் விழுந்தது.

வராத வாந்தி

வாந்தி மாத்திரையைக் கீமோவுக்கு முன்னாடியே போட வேண்டும். அண்ணன் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். "வரட்டும் சிஸ்டர், வராத வாந்திக்கு இன்னாத்துக்கு மாத்திரை?" என்றார். வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போட்டிருந்த என் புது யூனிஃபார்ம் மேலேயே வந்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கிறேன். அவர் மனைவி கன்னியம்மா, அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கிறவர், தண்ணீர் பாட்டிலோடு வந்து புருஷனைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா, மிசினு நின்னப்புறமா கிரீஸ் வெப்ப? ஓடும்போதே வெக்கணும்னு ஊட்ல தெனம் பாடம் எடுக்கறியே!"

இறால் வாசனை

கீமோவில் ஒரு சிவப்பு மருந்து உண்டு, அது ஏறும்போது ஐஸ் கட்டி சப்பினால் வாய்ப்புண் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல தண்ணீரில் வீட்டிலேயே செய்த ஐஸ் என்று நான் சொல்ல மறக்கவில்லை, சத்தியமாக! அடுத்த கீமோவுக்கு அண்ணன் ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்தார். திறந்தால் வார்டு முழுக்க இறால் நாற்றம். பொன்னேரி மார்க்கெட்டில் மீன் பெட்டியிலிருந்து உடைத்து வாங்கிய ஐஸ்!

பக்கத்து பெட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் கத்தியபடியே அதை சிங்க்கில் கொட்டினேன். அண்ணனுக்கு ஒரே வருத்தம்: "இன்னா சிஸ்டர், தெரிஞ்ச ஆளுன்னு சும்மா குட்த்தான், அதைப் போய் கொட்டிட்டியே!"

முடி

கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. இதற்குத்தான் மனுஷன் உடைந்துபோவார் என்று ஆறுதலெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அவர் சொன்னார்: "ஹெல்மெட்டு இப்பத்தான் சிஸ்டர் கரெக்டா உக்காருது."

வெறும் நூற்றியொன்று

எனக்கு உண்மையிலேயே பயம் காய்ச்சல்தான். கீமோவில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. நூறைத் தாண்டினால் வீட்டில் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நூறா? எங்க ஃபர்னஸு ஆயிரத்து இருநூறு சிஸ்டர்!" இந்த ஆளிடம் பேசி என்ன பிரயோஜனம்? தெர்மாமீட்டரைக் கன்னியம்மா கையில் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. நூற்றியொன்று. அண்ணன் உடம்பு தூக்கிப் போடுகிறது, வாய் மட்டும் "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்கிறது. வெள்ளை அணுக்கள் பாதாளத்தில் கிடந்தன. உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்றினோம். "சாயங்காலம் வரை விட்டிருந்தால் கஷ்டம்" என்றார் டாக்டர். அண்ணன் தப்பித்தார். கடைசி கீமோவையும் முடித்து, இப்போது மில் ஸ்டோர்ஸில் லேசான வேலைக்குப் போகிறார்.

போன வாரம் இருவரும் ஸ்வீட்டோடு வந்தார்கள். "அன்னிக்கு இவரை எப்படிக்கா ஆட்டோவில் ஏத்துனீங்க?" என்று கேட்டேன். கன்னியம்மா சிரிக்கவே இல்லை. "சூடு காட்ற கேஜ் ஏறுச்சுன்னா மேனேஜரக்கூட கேக்காம ஃபர்னஸ நிறுத்துவேன்னு பீத்திக்குவாரு சிஸ்டரு. கேஜ் இப்ப என் கையில கீது, மூடிக்கினு ஏறுய்யான்னேன்."

ஆகவே மக்களே, அந்தத் தெர்மாமீட்டரையும் வாந்தி மாத்திரையையும் முதல் நாளே கன்னியம்மாவிடம் கொடுத்திருந்தால், என் தொண்டையும் ஒரு புது யூனிஃபார்மும் மிஞ்சியிருக்கும்.