ஏரிக்கு ஏது இடது கை?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். நல்ல மழை. ஒரகடம் கூட்ரோட்டில் என் கிரேன் ஷெட்டில் உட்கார்ந்து சூடாக வடை தின்றுகொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

முகர்ஜி சார். பக்கத்துக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். கல்கத்தாக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தமிழ் வராது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் பேசிக்கொள்வோம்!

ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி வந்த வேன் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் செல்வம் மட்டும் உள்ளே. இடது கால் நசுங்கி மாட்டிக்கொண்டிருக்கிறது. கிரேன் வந்து தூக்கினால்தான் ஆளை எடுக்க முடியும்.

“எங்க சார்?”

“வல்லம் வடகால் லேக். லெஃப்ட் சைட் ஆஃப் தி லேக்!”

“ஓகே சார்!” என்று போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரி கிளீனராக ஆரம்பித்து இன்று மூன்று கிரேனுக்கு முதலாளி. தண்டலத்திலிருந்து சேரப்பணஞ்சேரி வரைக்கும் என் கால் படாத வரப்பு கிடையாது. கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேருவேன். அப்பேர்ப்பட்ட நான், ஆபரேட்டர் ஏகாம்பரத்தோடு போய் நின்ற இடம் — ஏரியின் மேற்குக் கரை.

வேனைக் காணோம்.

“இன்னா மொதலாளி, வேனு ஏரிக்குள்ள பூட்ச்சா?”

“வாய மூட்றா. எதிர்ல பாரு!”

மழைக்கு நடுவே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், இரண்டு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரை!

என்ன நடந்தது? நான் ஒரகடத்திலிருந்து, தெற்கேயிருந்து வருகிறேன். என் இடது கைப் பக்கம் மேற்குக் கரை. அவர் அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து, வடக்கேயிருந்து வந்தவர். அவருடைய இடது கைப் பக்கம் கிழக்குக் கரை. அவர் சொன்னதும் சரி, நான் போனதும் சரி... நடுவில் செல்வத்தின் கால்.

ஏரிக்கு ஏது இடது கை? நாங்கள் கிழக்கைக் கீழண்டை, மேற்கை மேலண்டை என்போம். வீட்டுக்குள் பாயை நகர்த்துவதற்குக்கூட “கொஞ்சம் தெற்கால இழு” என்றுதான் சொல்வோம். எங்கள் திசை தரையில் ஆணி அடித்தது மாதிரி. இங்கிலீஷ்காரனுடைய திசை சட்டை மாதிரி — ஆள் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பிவிடும்!

திரும்பவும் போன் போட்டேன்.

“சார், நாங்க எதிர்க்கரையில நிக்கிறோம். நார்த்தா? சவுத்தா? எந்தப் பக்கமா சுத்தி வர்றது?”

“நோ சன் ஹியர்! ஹௌ வில் ஐ நோ?”

சூரியன் இல்லாவிட்டால் திசை தெரியாதா! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து அவர் இங்கிலீஷில் ஒன்று கேட்டார். இந்த வட்டாரத்தில் வழி சொல்லும் யாரும், நான் உள்பட, இதுவரை கேட்காத கேள்வி.

“நீங்கள் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள்?”

“தண்ணியப் பாத்து சார்.”

“குட். அப்படியானால் உங்கள் இடது கைப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். வலது பக்கம் வராதீர்கள். அங்கே பைப் போட ரோட்டை வெட்டியிருக்கிறது.”

“ஏகாம்பரம், லெஃப்ட்டு!” என்று கத்தினேன். அவனும் திருப்பினான். எங்கே? கிரேன் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை. அதனுடைய லெஃப்ட் வேறு! நேராக வெட்டிப் போட்ட ரோட்டைப் பார்த்து இறங்குகிறான்.

“அடேய், வடாண்ட திருப்புடா! வடாண்ட!”

“அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா மொதலாளி?”

வடக்கே சுற்றிப் போனோம். வேனைத் தூக்கினோம். செல்வத்தை முகர்ஜி சார் காரிலேயே ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “இன்னும் லேட்டாகியிருந்தால் காலை எடுத்திருப்போம்” என்றார் டாக்டர்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். நம் ஆட்களிடம் வழி கேளுங்கள். “ரைஸ் மில்லாண்ட திரும்பு, இதோ பக்கத்துலதான் கீது” என்பார்கள். ரைஸ் மில்லை இடித்துக் கம்பெனி காம்பவுண்டு கட்டியாயிற்று. ‘இதோ’ என்பது அரை கிலோமீட்டரா, ஐந்தா? போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலீஷில் அப்படி இல்லை. எத்தனை மீட்டர், எந்தக் கைப்பக்கம் என்று அளந்து சொல்கிறார்கள். கேட்பவன் ஊருக்குப் புதுசு என்று நினைத்துக்கொண்டு பேசுகிற பாஷை அது. நாம் எல்லோரும் நம்மூர்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம். இன்றைக்கு இந்த ரோட்டில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் வெளியூர். அவர்களுக்கு எங்கே தெரியும் என் ரைஸ் மில்?

மறுநாள் காலையில் போனேன். முகர்ஜி சார் ஏற்கெனவே வந்திருந்தார். செல்வம் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். முகமெல்லாம் கவலை.

“கால் ரொம்ப வலிக்குதாப்பா?”

“கால் கெடக்கட்டும் அண்ணாச்சி. என் தலைய வடக்க வச்சுப் படுக்கப் போட்டுருக்காவ! எங்கம்மை பாத்தா உசுர விட்டுருவா. கட்டிலக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க.”

ஜன்னல் இல்லாத வார்டு. கண் விழித்ததும் ஆயாவிடம் அவன் கேட்ட முதல் கேள்வியே “வடக்கு எந்தப் பக்கம்?” என்பதுதானாம்.

“வாட் இஸ் ஹிஸ் பிராப்ளம்?” என்றார் முகர்ஜி சார்.

“ஹெட் நார்த் சார். நோ குட்.”

 அவர் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். அவர் “லெஃப்ட், லெஃப்ட்” என்கிறார். நான் “கெழக்கால சார், கெழக்கால” என்கிறேன். சுவரில் இரண்டு தடவை இடித்துவிட்டு, ஒருவழியாகத் தலை தெற்கே வந்தது. செல்வம் நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

கட்டில் எந்தத் திசையில் திரும்பினால் என்ன... இடது கால் அவனிடமே இருக்கிறது!