டாக்டர் வெளியே போகும் நேரம்

எங்கள் டாக்டர் மாதிரி மரியாதை தெரிந்த மனிதர் இந்த ஆம்பூரிலேயே இல்லை என்று பல வருடம் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவருடைய பல் க்ளினிக்கில் நான் உதவியாளர். பிளஸ் டூ முடித்ததும் அம்மா தான் வேலை பார்த்த ஷூ ஃபாக்டரிக்கே கூப்பிட்டாள். தோல் நாற்றத்தோடு வீட்டுக்கு வர மாட்டேன் என்று வீம்பு பிடித்து இங்கே சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டு, ஏசி அறை, ஸ்பிரிட் வாசனை. அம்மாவிடம் ஜெயித்துவிட்டதாக ஒரு நினைப்பு.

எங்களிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் பர்தா போட்டவர்கள். பல் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் முகத்திரையை விலக்க வேண்டும். நான் அவர்களை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சென்சார் என்கிற சின்னத் தகட்டைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, அது நகராமல் என் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். டாக்டர் சுருள் ஒயரின் நுனியிலிருக்கும் பட்டனை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போய்விடுவார். "ரெடியா?" என்று அங்கிருந்து குரல் வரும். "ரெடி சார்" என்பேன். கீச்சென்று ஒரு சத்தம். அது அடங்கியதும் "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

பெண்கள் முகத்தைத் திறக்கும்போது ஆண்பிள்ளை அங்கே நிற்கக்கூடாது என்று அவர் போகிறார், அப்படித்தான் நான் நினைத்தேன். நான் மட்டுமில்லை. பேரணாம்பட்டிலிருந்து மருமகளைக் கூட்டிவந்த ஒரு அம்மா, "எவ்ளோ பெரிய எடத்து புள்ள மாதிரி நடந்துக்கறார், அல்லா அவருக்கு பரக்கத் குடுக்கட்டும்" என்று கண் கலங்கச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டினேன்.

எக்ஸ்ரே மெஷின் இருக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும், அதிகாரிகள் சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "உன் நல்லதுக்குத்தாம்மா அனுப்பறேன். சர்டிபிகேட் கையில இருந்தா எங்க போனாலும் உனக்கு மதிப்பு" என்றார். பயிற்சிக்கான பணத்தையும் அவரே கட்டினார். அன்றைக்கு அவர் காலில் விழாத குறைதான்.

வேலூருக்கு வெளியே ஒரு காலேஜில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. பள்ளிகொண்டா தாண்டும்போதே பாடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு முணுமுணுப்பேன். கழுத்துக்குமேல் மட்டுமே இருந்த ஒரு பிளாஸ்டிக் ஆளை நாற்காலியில் திருகி வைத்திருந்தார்கள். அவர் வாயைத்தான் நாங்கள் படம் எடுக்க வேண்டும். என் முதல் படத்தில் பாதிப் பல்லைக் காணோம். அடுத்ததில் பல் கொம்பு மாதிரி நீண்டிருந்தது. பிறகு ஒரு நாள் வேரின் நுனிவரை சுத்தமாக ஒரு படம் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் நான் அப்படி ஆசையாகப் படித்ததில்லை. இது எனக்கு வரும், இதை வைத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் நிஜமானது. அதையும் சேர்த்துத்தான் டாக்டர் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் வகுப்பெடுத்த மேடம், "இங்க யாரெல்லாம் வேலை செய்யற எடத்துல சென்சார கையில பிடிக்கறீங்க?" என்று கேட்டார். வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினோம். நடுங்காமல் பிடிப்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு.

"அப்போ டாக்டர் எங்க நிப்பார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கதவுக்கு வெளிய மேடம்."

"ஏன்?"

"லேடீஸ் பேஷண்ட் இருப்பாங்க இல்ல மேடம். அந்த மரியாதைக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த குடியாத்தத்துப் பெண், தன் டாக்டர் போன் பேச வெளியே போவார் என்றாள். இன்னொருத்தி, அவருக்கு அந்தக் கீச் சத்தம் ஆகாது என்றாள். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

"மரியாதைக்கு இல்லமா" என்றார் மேடம். பலகையில் ஒரு மெஷினை வரைந்து, கதிர் போகும் வழியை வரைந்து, பட்டனை அழுத்துகிறவர் ஆறடி தள்ளியோ சுவருக்குப் பின்னாலோ நிற்க வேண்டும் என்று எழுதினார். கதிர் போகும் வழியில் உதவியாளரின் விரல் எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக்கூடாது, அதற்கென்றே பிடிப்பான் விற்கிறது என்றார். டாக்டர்கள் எல்லோருக்கும் இது காலேஜிலேயே சொல்லித்தரும் பாடம் என்றும் சொன்னார். ஒரு படத்துக்கு உடம்பில் ஏறும் கதிர் கொஞ்சம்தான், ஆனால் தினம் தினம் சேர்கிறது பாருங்கள் என்று அவர் சொன்னபோது நான் என் விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. டாக்டருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரிந்துதான் வெளியே போனார்.

அடுத்த நாள் காலையில், "இனிமே கையில பிடிக்க மாட்டேன் சார், ஹோல்டர் வாங்கிக் குடுங்க" என்றேன். வாங்கினார். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காம். "அத மாட்டி எடுத்தா லேட் ஆவுது. பேஷண்ட் வெயிட் பண்றாங்க இல்ல?" என்றார். நான் பிடிக்க மறுத்தேன். எக்ஸ்ரே வேலையை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னைப் பாத்திரம் கழுவுவதுபோலக் கருவிகளைக் கழுவ வைத்தார்.

என் சர்டிபிகேட் க்ளினிக் முகவரிக்குத்தான் வந்தது. நான் பார்ப்பதற்குள் கண்ணாடிச் சட்டம் போட்டு, எக்ஸ்ரே நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிவிட்டார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். படம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள், எடுத்தேன். பிடித்துப்போயிற்று. ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வந்து சேரச் சொன்னார்கள்.

"நான் பணம் கட்டி வாங்குன சர்டிபிகேட்மா அது" என்றார் டாக்டர். பெயர் என்னுடையது, பரீட்சை எழுதியது நான் என்றேன். "சோதனை முடியட்டும், பாக்கலாம்" என்றார். சோதனை முடிந்தது. அடுத்த சோதனை வரட்டும் என்றார். ஜெராக்ஸ் செல்லாது என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள்.

காலேஜில் நகல் கேட்டேன். தொலைந்துவிட்டது என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால் தருவோம் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன்.

"இன்னாமா தொலச்ச?" என்றார் ஏட்டு.

"சர்டிபிகேட் சார்."

"எங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் என்று சொல்லியிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த நேரத்துக்கு என் ஆத்திரம் அடங்கவில்லை. "தொலையல சார், க்ளினிக் செவுத்துல மாட்டியிருக்கு, எடுக்க விடமாட்றாரு" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "அப்போ தொலையலயே. போய் அவர்கிட்ட நல்லபடியா கேளும்மா. பெரிய டாக்டரு, நல்ல மனுசன்."

வேலூர் வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். நான் க்ளினிக்கை விட்டு நின்றேன். அம்மா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஷூவின் மேல்தோலைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கும் ஓரிடம் சொல்லி வைத்தாள். இப்போது தோல் நாற்றத்தோடுதான் வீட்டுக்கு வருகிறேன்.

போன மாதம் கடைவாய்ப் பல் வலி தாங்க முடியவில்லை. ஃபாக்டரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஃபாக்டரி ஆட்களுக்கென்று ஏற்பாடு செய்திருந்த இடம் அந்தக் க்ளினிக்தான். கன்னம் வீங்கியிருந்தது. ரோஷம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

பிளஸ் டூ முடித்த வயதுதான் இருக்கும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னை அதே நாற்காலியில் சாய்த்தாள். எதிரே சுவரில் என் பெயர். டாக்டர் உள்ளே வந்தார். "நீயாமா? எப்படி இருக்க?" என்று சிரித்தார், சொந்தக்காரரைப் போல. பட்டனை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனார்.

அந்தப் பெண் சென்சாரை என் வாயில் வைத்து ஆள்காட்டி விரலால் பிடித்தாள். நான் திமிறியதைப் பார்த்துக் கூச்சம் என்று நினைத்துவிட்டாள்போல. "பயப்படாதீங்கக்கா. சார் ரொம்ப மரியாத. லேடீஸ் வந்தா வெளிய போய்டுவார்" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து விரலை வெளியே எடுத்தேன்.

"ஆம்பளைங்க வந்தா?" என்று கேட்டேன்.

"கவனிச்சதில்லக்கா."

"ரெடியா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "நானே பிடிச்சிக்கறேன், நீயும் வெளிய போ" என்றேன். அவள் தயங்கினாள். போ என்று மறுபடி கண்ணைக் காட்டினேன், பின்பக்கம் கருவி கழுவும் அறைக்குள் போனாள். சென்சாரைப் பல்லோடு சேர்த்து நானே பிடித்துக்கொண்டேன். "ரெடி சார்" என்று அவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள். கீச்சென்றது.

படம் திரையில் வந்தது. வேரின் நுனிவரை தெரிந்தது. "பாத்தியா, எவ்ளோ கிளியரா வந்திருக்கு. கை ஆடவே இல்ல" என்று டாக்டர் அவளைப் பாராட்டினார். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

நான் செருப்பை மாட்டும்போது அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். லாரி டிரைவர்போல இருந்தார், பெரிய மீசை. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டர் பட்டனை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனார். அந்தப் பெண் சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.