நாற்பத்தேழாவது கொடி

ருசாந்தாவிடம் நாற்பத்தேழு காகிதக் கொடிகள் இருந்தன. சிசினாவ் நகரத்து மாளிகையில், குழுப்படத்துக்கு ஐரோப்பியத் தலைவர்கள் நிற்கவேண்டிய இடங்களில் அவற்றைத் தரையில் ஒட்டுவது அவள் வேலை. நாற்பத்தாறு ஒட்டியாயிற்று. மிஞ்சிய கொடியின் நாடு, எல்லைக்கு அப்பால் பக்கத்து நாட்டில் நடக்கும் போரில் யார் பக்கம் என்றே அவளுக்குப் புரியவில்லை. அவள் தங்கையோ அங்கே குண்டு விழும் ஒடெசா நகரில் இருக்கிறாள்.

“அக்கா, அதை நடுவுல ஒட்டுங்க,” என்றான் அதிகாரி கெனாடி.

“காலையில ஓரம்னீங்க, மத்தியானம் நடுவுன்னீங்க, அப்புறம் மறுபடி ஓரம். புது மாப்பிள்ளைகூட இத்தனை தடவை கோவிச்சுக்க மாட்டான். அவங்க நம்மகூட நிப்பாங்களா, மாட்டாங்களா?”

“சத்தியமா எனக்கும் தெரியாதுக்கா.”

திரும்பத் திரும்பப் பிய்த்ததில் கொடியில் பசையே இல்லை. ருசாந்தா நாலு பக்கமும் டேப் போட்டு, நடுவில் அழுத்தி ஒட்டினாள். நாளைக் காலை பத்து மணிக்குப் படம் எடுக்கிறார்கள்.