சேவுகப்பெருமாளின் மஞ்சள் கை

காரைக்குடி கல்யாணச் சமையல்காரர் சேவுகப்பெருமாளுக்கு எல்லாம் வசப்படும், சொந்த வயிறு ஒன்றைத் தவிர. காலையில் கழிப்பறைக்குள் போனாரென்றால் வெளியே அடுப்பில் பருப்பு வெந்து குழைந்துவிடும். மனிதர் வெறுங்கையோடு திரும்புவார். பாவம்தான். ஆனாலும் அவரிடம் காய் நறுக்கும் நாங்கள் சிரிப்போம்.

டாக்டர் நார்ச்சத்து சேர்க்கச் சொன்னார். இவர் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் ஒரு கப் ஸ்வீட் கார்ன் வாங்கி, வெண்ணெய் போட்டுத் தின்ன ஆரம்பித்தார். சில நாளில் வயிறு வழிக்கு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கண்மண் தெரியவில்லை. மூன்று வேளையும் கார்ன், மூன்று வேளையும் வெண்ணெய். மாதக்கணக்கில் இதே கூத்து.

உள்ளங்கை மஞ்சளானது. சமையல்காரர் கை மஞ்சளாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மூக்கு நுனியும் மஞ்சளான பிறகுதான் மனைவி அன்னக்கிளி மஞ்சள்காமாலை என்று அலறி, கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்தா அரியக்குடி மெய்யநாதன் தாம்பூலத் தட்டோடு வரவேண்டும்! நாலு மாதம் கழித்து மகள் கல்யாணம், அந்த வருடத்தில் எங்களுக்குக் கிடைக்கவிருந்த பெரிய வேலை அதுதான். வாங்க நீண்ட சேவுகப்பெருமாளின் கையைப் பார்த்ததும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"காமாலக் கையால ஆக்குன சோத்த யாருப்பா திம்பா?"

சேவுகப்பெருமாள் டாக்டரிடம் ஓடினார். அவர் இமையை இழுத்துப் பார்த்தார். காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகியிருக்கும், இது வெள்ளைவெளேரென்று இருக்கிறது என்றார். ரத்தத்தைச் சோதித்ததிலும் கோளாறில்லை. கார்னில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறச்சத்துதான் தோலில் ஏறியிருக்கிறது, வெண்ணெய் வேறு அதை நன்றாக உள்ளே இழுத்துவிட்டது, தின்பதைக் குறைத்தால் நிறம் தானாக இறங்கும் என்று அனுப்பினார்.

இதை அப்படியே போய் ஒப்பித்தும் மெய்யநாதன் மசியவில்லை. வேலை போகிறதே என்ற ஆற்றாமையில் வெட்கத்தை விட்டு, கார்ன் தின்னப் போன காரணத்தையும் சேவுகப்பெருமாள் சொல்லிவிட்டார். மெய்யநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.

"தெனமும் போகுதா? நெசமாச் சொல்லுப்பா."

"கூப்புடாமலே வருதுண்ணே. நீங்களும் செரமப்படுறீகளா?"

பதிலுக்குத் தாம்பூலத் தட்டு வந்தது.

கல்யாணத்துக்குள் சேவுகப்பெருமாளின் கை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. எங்களுக்கும் உயிர் வந்தது. மண்டப வாசலில் மெய்யநாதன் பூரித்த முகத்தோடு எல்லோரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். கூப்பிய கை மஞ்சள், மூக்கு நுனி மஞ்சள். பெண்ணுக்குப் பூசிய மஞ்சள் அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சேவுகப்பெருமாள் என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணனும் வெண்ணெயோடதான் திங்கிறாரு போல."